எங்க பாயோட தொடு உணர்வை எங்க ஊருக்கே வந்து பதிவு பண்ணுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யா அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்க பேப்பர்ல, கம்ப்யூட்டர் உண்டாக்குத உலகத்தை கண்ணு முன்னால காட்டுத விஆர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு கையில ஒரு க்ளவுஸையும் போட்டுக்கிட்டா இல்லாத பொருளையே தொட்டுப் பாக்கலாம்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. ரெண்டு தடவ படிச்சேன், உம்மாவுக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா முழுக்க கேம் ஆடுதவங்க, ஆபரேஷன் பழகுத டாக்டருங்க இவங்களப் பத்தியே இருந்துச்சு, தொட்டாத்தான் தரம் தெரியும்ங்கிற சாமானைச் செஞ்சு விக்குத எங்கள மாதிரி ஆளுங்களப் பத்தி ஒரு வரி இல்ல. அதான் எழுதுதேன். கொஞ்சம் நீளமா போனாலும் வெட்டாம போடுங்கய்யா.

எங்க ஊரு பத்தமடை. திருநெல்வேலியில இருந்து அம்பாசமுத்திரம் போற ரோட்டுல சேரன்மகாதேவிக்கு முன்னாலயே வந்துரும். உம்மா பன்னெண்டு வயசுல தறியில உக்காந்தவங்க, இப்ப அறுபத்தி மூணு ஆகுது. ஆத்தங்கரையில அறுத்த கோரையை வெயில்லயும் பனியிலயும் போட்டு காயவச்சு, கீறி, கட்டு கட்டா தாமிரபரணித் தண்ணியில ஒரு வாரம் ஊறப்போட்டு, அது நல்லா உப்பி வந்ததும் எடுத்து திரும்ப காயவச்சு சாயம் முக்கி அதுக்கப்புறம்தான் தறிக்கே வரும். தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டுத பாவு பருத்தி நூலு, அதுக்கு குறுக்க ஊடையா போறது கோரை. கோரையை எவ்வளவு மெல்லிசா கீறுதோமோ, பாவு எவ்வளவு நெருக்கமா நிக்குதோ, அவ்வளவுக்கு பாய் நைஸ். மாப்பிள்ளை பொண்ணு பேரு போட்டு நெய்யுத கல்யாணப் பாயெல்லாம் அப்படித்தான், 120 கவுன்ட் போனா பட்டுத்துணி மாதிரி மடிச்சு வச்சுரலாம், அதான் அதுக்கு பட்டுப்பாய்னு பேரு. உம்மாவுக்கு அப்படி ஒண்ணு முடிக்க ஒரு மாசம் கூட ஆகும்.

நான் அதை போன்ல போட்டோ எடுத்து ஆன்லைன்ல விக்கேன், நாலு வருஷமா. அங்கதான் அய்யா பிரச்சனையே. போட்டோவுல சாதாப் பாயும் பட்டுப்பாயும் ஒண்ணு போலத்தான் தெரியுது. லைட் நல்லா இருந்தா சாதாப் பாய் இன்னும் அழகா கூட தெரிஞ்சு தொலைக்கும். ஒரு அம்மா ரெண்டையும் பாத்துட்டு ஒரே பாய்க்கு எதுக்கு ரெண்டு வெல போட்டிருக்கீங்க ஏமாத்துதீங்களான்னு கேட்டு விமர்சனமே எழுதிட்டாங்க, ஒரு ஸ்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அந்த தளத்துல எங்க பாய் அடியில கிடந்துச்சு, மேல வரவே இல்ல, போன் போட்டு சொன்னாலும் அங்க யாரும் காதுல வாங்கல. அதே பக்கத்துல பிளாஸ்டிக் பாய் பத்தமடை டிசைன்னு பேரு போட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. உம்மா அந்த விமர்சனத்தை என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க, நான் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்கன்னு பொய் சொல்லிட்டேன். அதை இப்பவரைக்கும் நான் மாத்திச் சொல்லல.

நேர்ல வந்தா இந்த சண்டையே கிடையாது. கடைக்கு வாரவங்க கையை வச்சு ஒரு இழுப்பு இழுத்தா போதும், வாயத் திறக்காம துட்டு எடுப்பாங்க.

அந்த ஒரு இழுப்புல என்ன நடக்குதுன்னு எனக்கு தெரிஞ்சுக்கணும்னு ஆசை வந்துதான் இதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். நீங்களும் ஒரு காரியம் பண்ணிப் பாருங்க, வீட்டுல கோரைப்பாய் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு அதுமேல விரலை சும்மா வையுங்க, நகத்தாதீங்க. பெரிய கோரையா இருந்தா மேடு பள்ளம் தெரியும், மெல்லிசா கீறினதுன்னா ஒண்ணும் தெரியாது, ஏதோ வழுவழுன்னு ஒரு பலகை மாதிரிதான் இருக்கும். இப்ப விரலை மெதுவா இழுங்க. பட்டுன்னு பாய் வந்துரும் கைக்குள்ள. டேவிட் காட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1925-லயே இதை எழுதி வச்சிட்டாராம், நைஸான பரப்பு விரல் நகர்ந்தாத்தான் தெரியும், ஏன்னா அது விரல்ல அதிர்வா வந்து சேருதுன்னு.

நம்ம கையில உள்ளங்கைப் பக்கம் மட்டும் தொடுறதை அறியுத உணர்வுமுனைகள் சுமார் 17,000 இருக்கு, அதுல நாலு வகை. ஒண்ணு அழுத்தத்தையும் ஓரத்தையும் பாக்கும், ஒண்ணு பொருள் வழுக்குதான்னு பாக்கும், ஒண்ணு தோல் இழுபடுறதை கவனிக்கும், இன்னொண்ணு, பசீனியன்னு பேரு, தோலுக்கு ஆழத்துல கிடந்து வேகமான அதிர்வை மட்டும் பிடிக்கும், நொடிக்கு 200 முதல் 300 அதிர்வு வந்தா அதுக்கு ரொம்ப கூர்மை. இப்ப கணக்கு போட்டுப் பாருங்க. கோரை ஒண்ணுக்கு ஒண்ணு ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருக்குன்னு வச்சுக்கோங்க, நொடிக்கு பத்து சென்டிமீட்டர் வேகத்துல தடவினா விரல்ல நொடிக்கு 100 தட்டு விழும். அதையே பாதியா கீறி அரை மில்லிமீட்டர் ஆக்கினா 200 தட்டு, நேரா அந்த பசீனியன் வாசல்ல போய் நிக்குது. உம்மா அம்பது வருஷமா கத்தியை வச்சு கோரையை பாதியா, பாதியில பாதியா கீறுனதுக்கு அர்த்தம் இதுதான்னு நான் படிச்சப்ப அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. 2013-ல ஸ்டாக்ஹோம்ல ஒரு பல்கலைக்கழகத்துல சோதிச்சிருக்காங்க, 13 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கத்தைக் கூட மனுஷ விரல் வழுவழுப்பான பரப்புல இருந்து பிரிச்சு சொல்லிருச்சாம். தலைமுடி ஒண்ணோட தடிமன் அதவிட பல ஆயிரம் மடங்கு. அவ்வளவு நுணுக்கமான கருவி எல்லாருக்கும் கையிலயே இருக்கு, அதுக்கு காட்ட வேண்டியதை நாம வெறும் போட்டோவா அனுப்பிக்கிட்டு இருக்கோம்.

சரி, இதை மெஷின்ல எப்படி கொண்டு வாராங்கன்னு பாத்தா அதுவும் இந்த கணக்குலதான் போகுது. மார்கரெட் மின்ஸ்கின்னு ஒரு அம்மா 1990 வாக்குல அமெரிக்காவுல ஒரு ஜாய்ஸ்டிக்கை வச்சு உப்புத்தாள் மாதிரி உணர்வைக் கொண்டு வந்தாங்க, கையை பக்கவாட்டுல மட்டும் லேசா தள்ளி தள்ளி விட்டா போதும், மேல கீழ ஏத்தி இறக்கவே வேண்டாம், மூளை அதை மேடு பள்ளம்னு எடுத்துக்கிடும். 2001-ல வேற ஆராய்ச்சிக்காரங்க இன்னும் ஒரு படி மேல போய், நிஜமா பள்ளமா இருக்குத இடத்துல பக்கவாட்டு விசையை மாத்திக் குடுத்து அதை மேடுன்னே தெரிய வச்சுட்டாங்க. 1994-ல பேன்டம்னு ஒரு கருவி வந்துச்சு, விரலை ஒரு சின்ன விரலுறைக்குள்ள விட்டா கம்ப்யூட்டர்ல இருக்குத பொருளு எதுத்து தள்ளும். இந்த மாதிரி கருவியில எல்லாம் விசையை நொடிக்கு 1000 தடவ கணக்கு போட்டு மாத்தணுமாம், இல்லன்னா கல்லு மாதிரி கடினமா இருக்க வேண்டியது நடுங்கும், இல்ல ரப்பர் மாதிரி அமுங்கும். சினிமாவுக்கு நொடிக்கு 24 படம் போதும். கண்ணை ஏமாத்துறது லேசு, கையை ஏமாத்த முடியாதுன்னு உம்மா சொல்லுவாங்க, அது எவ்வளவு சரியா இருக்கு பாருங்க.

நம்ம சென்னை ஐஐடியிலயும் பேராசிரியர் மணிவண்ணன் டீம் 2022-ல ஐடாட்னு ஒரு டச் ஸ்கிரீன் காட்டினாங்க. அதுல அசையுத பாகமே கிடையாது, கண்ணாடி வழுவழுன்னுதான் இருக்கும், மின்புலத்தை மாத்தி விரலுக்கும் கண்ணாடிக்கும் உள்ள உரசலை அங்கங்க கூட்டிக் குறைச்சு சொரசொரப்பு, ஓரம், வழுவழுப்பு எல்லாம் கொண்டு வாராங்க. இதுதான் எங்களுக்கு வேண்டியது. க்ளவுஸெல்லாம் யாரு வாங்குவா, போன்லயே ஒரு நாள் இது வந்துச்சுன்னா பெங்களூர்ல இருக்குத ஒரு புள்ள எங்க பாயை தடவிப் பாத்துட்டு ஆர்டர் போடும்.

ஆனா அது வரும்போது எங்க பாய் அதுல இருக்குமா? இதுதான் நான் கேக்க வந்தது.

ஸ்கிரீன்ல ஒரு பரப்பைக் காட்டணும்னா முதல்ல நிஜப் பரப்பை யாராவது பதிவு பண்ணியிருக்கணும். அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல கேத்ரின் குச்சன்பெக்கர், ஹெதர் கல்பர்ட்சன் இவங்க டீம் 2014-ல 100 பொருளைப் பதிவு பண்ணி எல்லாரும் எடுத்துக்கிடுங்கன்னு பொதுவுல விட்டாங்க, பெரிய மனசு. பேனா மாதிரி ஒரு கருவி, அதுல அதிர்வையும் அழுத்தத்தையும் அளக்குத சென்சாரு, அதை வச்சு பேப்பர், துணி, கல்லு, மரம், டைல்ஸ், கார்ப்பெட்னு ஒவ்வொண்ணா தேய்ச்சு எடுத்தது. எவ்வளவு வேகத்துல எவ்வளவு அழுத்தி இழுத்தா எப்படி அதிரும்னு மாடல் போட்டு, நாம சும்மா ஒரு வழுவழுப்பான பலகையில அந்த பேனாவை இழுத்தா அதே அதிர்வை திரும்பக் குடுக்கும். அருமையான வேலை, அதுல எனக்கு ரெண்டு எண்ணம் இல்ல. ஆனா அது எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே மாதிரி இருக்குத பரப்புகளுக்குன்னு செஞ்சது. எங்க பாய் அப்படி இல்லய்யா. கோரை ஓடுத பக்கமா தடவினா ஒரு மாதிரி, வழுக்கிட்டு போகும், இடையில பாவு நூலு அழுத்துன சின்ன சின்ன பள்ளம் மட்டும் தட்டும். குறுக்க தடவினா ஒவ்வொரு கோரையும் கணக்கா தட்டும். மூலைக்கு மூலை சாய்வா இழுத்தா மூணாவது ஒரு உணர்வு, அதுக்கு எங்க வீட்டுல பேரு கூட கிடையாது, ஆனா நெசவு சரியில்லன்னா அந்த சாய்வுலதான் மாட்டிக்கிடும். இதோட, பேனா முனையால தேய்க்கிறது வேற, வெறும் விரலால தொடுறது வேற. கம்பை வச்சு கோலத்தைத் தடவினா மாவு தெரியுமா?

போன மாசம் எங்க பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல கண்காட்சி போட்டிருந்தாங்க, பையங்க ஒரு ஸ்டால்ல விஆர் கண்ணாடியும் விரல் நுனியில மோட்டார் வச்ச க்ளவுஸும் வச்சிருந்தாங்க, அவங்களே செஞ்சது. நான் உம்மாவை கூட்டிட்டுப் போனேன். உள்ள ஒரு மேசை, மேசை மேல துணி, மரம், செங்கல்னு இருக்கும், தொட்டுப் பாக்கணும். உம்மா கண்ணாடியை மாட்டினதும் கொஞ்சம் பயந்தாங்க, அப்புறம் அந்த துணிகிட்ட கையை கொண்டு போய்ட்டு, விரலை வைக்கல, கையைத் திருப்பி உள் மணிக்கட்டை வச்சு இழுத்தாங்க. ஒண்ணுமே தெரியல. திரும்ப இழுத்தாங்க. "ஏளா, இதுல ஒண்ணுமே இல்லயே"ன்னாங்க. அந்த தம்பி, பாட்டி விரல் நுனியை வைங்க, அங்கதான் மோட்டார் இருக்குன்னான். விரலை வச்சாங்க, "செல்லு அடிக்குத மாதிரில்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு கழட்டிக் குடுத்துட்டாங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு. உம்மாவுக்கு விரல் நுனியெல்லாம் கோரை கீறி கீறி காய்ச்சுப் போய் கிடக்கு, கத்தி பட்டு தழும்பு ஏறி தோல் தடிச்சுப் போச்சு. அதனால அவங்க பாய் பாக்கிறதே உள் மணிக்கட்டாலதான், எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அப்படித்தான் பாப்பாங்க, நான் அதை கவனிச்சதே இல்ல. விரல் நுனியில உணர்வுமுனை நெருக்கமா இருக்குன்னு எல்லாரும் அங்கயே மோட்டாரை வைக்காங்க, அது சரிதான், ஆனா நாள் முழுக்க கையால உழைக்குதவங்களுக்கு நுனி தேய்ஞ்சு போயிருக்கும், அவங்க வேற இடத்தால பாப்பாங்க. பீடி சுத்துத எங்க மாமி இலை பதமா இருக்கான்னு உதட்டுல வச்சு பாக்காங்க. காருக்குறிச்சியில பானை வனையுத ஒருத்தர் பச்சைப் பானை காய்ஞ்சிருச்சான்னு கன்னத்துல வச்சு பாத்ததை நானே நின்னு பாத்திருக்கேன். அந்த தம்பிகிட்ட அடுத்த நாள் போன் பண்ணி சொன்னேன், அக்கா இதை எங்க சார் யாரும் சொல்லவே இல்லன்னு உண்மையிலயே ஆசையா கேட்டுக்கிட்டான். நல்ல புள்ள.

கையில அதிர்வு மட்டும் வந்தா பாய் வந்துராது, இதையும் சொல்லணும். பாயோட குளுமை வேணும். ஒரே ரூம்ல கிடக்குத எவர்சில்வர் தம்ளரும் மரப்பலகையும் ஒரே சூட்டுலதான் இருக்கு, ஆனா தம்ளர் சில்லுன்னு இருக்கும், ஏன்னா அது நம்ம தோல்ல இருக்குத சூட்டை சீக்கிரம் உறிஞ்சிக்கிடும். அந்த உறிஞ்சுத வேகம்தான் நமக்கு குளுமையா தெரியுது. இதை கொண்டு வர பெல்ட்டியர்னு ஒரு சின்ன தகடு இருக்கு, கரன்ட் விட்டா ஒரு பக்கம் குளிரும் ஒரு பக்கம் சுடும், சில க்ளவுஸ்ல வச்சு பாக்காங்க. சூட்டையும் தொடுறதையும் உடம்பு எப்படி அறியுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ரெண்டு பேருக்கும் 2021-ல மருத்துவ நோபல் குடுத்தாங்க, அந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்தே இருக்குதுதானே. அதுபோக பாய்க்கு காலமும் உண்டு. ஐப்பசி அடைமழையில தொட்டா கோரை லேசா இளகி மெத்துன்னு இருக்கும், சித்திரை வெயில்ல மொறமொறன்னு நிக்கும். பத்து வருஷம் படுத்த பாய்க்கு ஒரு வழுவழுப்பு வரும், அதை எந்த புதுப்பாயும் குடுக்காது.

எங்ககிட்ட வருஷா வருஷம் பாய் வாங்க ஒரு அண்ணாச்சி வருவாரு, பிறவியிலேயே பார்வை கிடையாது, பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில படிச்சவரு. பாயை விரிச்சுப் போட்டா குனிஞ்சு ஒரு தடவு, இது உங்க உம்மா நெய்தது, இது வேற கைன்னு சொல்லிருவாரு, இதுவரைக்கும் தப்பினதே இல்ல. அவருகிட்ட இந்த விஆர் பத்தி சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் "தங்கச்சி, எல்லாரும் எனக்கு படிச்சு காட்டுத மெஷினா செய்யுதாங்க, தொட்டுப் பாக்குத மெஷின் வந்தா மொதல்ல என்னைக் கூப்பிடு"ன்னாரு. கண்ணாடி மாட்டாமலே அதை சரியா சோதிச்சு சொல்லக்கூடிய ஆளு அவரு, அவரை எந்த லேப்பும் இதுவரை கூப்பிட்டதில்ல.

அதனால என்னோட கோரிக்கை இது. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ, திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் காலேஜோ, சென்னை ஐஐடியோ, யாரு செஞ்சாலும் சரி, பத்தமடைக்கு கருவியை எடுத்துக்கிட்டு வாங்க. சாதாப் பாய், பட்டுப்பாய், பழைய பாய் எல்லாத்தையும் நீளமா, குறுக்க, சாய்வா, மழைக்காலத்துல ஒரு தடவ வெயில் காலத்துல ஒரு தடவன்னு பதிவு பண்ணுங்க. பேனாவால மட்டும் எடுக்காம உம்மா மாதிரி நெய்யுதவங்க கையிலயே சென்சாரை ஒட்டி அவங்க பாக்குத மாதிரியே எடுங்க. மெஷின் திருப்பிக் குடுக்கிறது சரியா இல்லையான்னு அவங்களும் அந்த அண்ணாச்சி மாதிரி ஆளுங்களும் சொல்லட்டும், அந்த வேலைக்கு அவங்களுக்கு சம்பளம் குடுங்க, பேரும் போடுங்க. புவிசார் குறியீடு வாங்கிட்டோம், நல்லது, ஆனா அது பேரை மட்டும்தான் காப்பாத்துது. போட்டோ மாதிரியே நாளைக்கு ஏதோ ஒரு பிளாஸ்டிக் பாயோட அதிர்வை எடுத்து அதுக்கு பத்தமடைன்னு பேரு வச்சு போன்ல விட்டுட்டாங்கன்னா, அதுதான் எங்க பாய்னு ஊரு உலகமெல்லாம் நம்பிரும். அந்த பயம் எனக்கு நிஜமாவே இருக்கு. எங்க தெருவுல முன்ன வீட்டுக்கு வீடு தறி சத்தம் கேக்கும், இப்ப பட்டுப்பாய் நெய்யத் தெரிஞ்ச கை நாலுதான் மிச்சம், அதுல ஒண்ணு உம்மா கை.

உம்மாகிட்ட கேட்டுட்டேன், யாரு வந்தாலும் சரின்னு சொல்லிட்டாங்க. இப்ப தறியில ஒரு கல்யாணப் பாய் ஓடிக்கிட்டு இருக்கு, 120 கவுன்ட், தை பிறக்குததுக்குள்ள குடுத்தாகணும். அதுக்கு முன்னால வாரவங்களுக்கு பாதி நெய்த பாயையும் தொட்டுப் பாக்கலாம், பாவு நூலு தனியா எப்படி இருக்கு, கோரை ஏறினப்புறம் எப்படி இருக்குன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எடுத்துரலாம். என்னோட நம்பர் உங்க ஆபீஸ்ல குடுத்திருக்கேன், கேக்குதவங்களுக்கு குடுங்கய்யா.

இப்படிக்கு,
பாய் நெய்யுத வீட்டுப் பொண்ணு,
பத்தமடை.